வால் தூக்காதது

சித்திரை ரீடிங் எடுக்கக் கோனாபட்டுக்குப் போனேன்.
பதினேழு வீட்டில் மீட்டர் நகரவே இல்லை.
பதினேழு முறை ‘கதவு பூட்டி’ அழுத்திவிட்டுக்
கருவியைப் பைக்குள் போட்டேன்,
கேமராவை எடுத்தேன்.
சீட்டெடுத்து வாங்கிய பழைய கேமரா,
இன்னும் ஒன்பது மாசம் கட்டணும்,
லென்ஸின் வலது மூலையில் கொஞ்சம் பூஞ்சை.

பட்டாம்பூச்சிக்குப் பூவைத் தேடிப் போகிறவர்கள்
போகட்டும்.
கோடையில் அதற்கு வேண்டியது உப்பு.
குழாய் ஒழுகும் இடம்,
மாட்டு மூத்திரம் காயாத மண்,
கட்டடக்காரர்கள் கைகழுவிய பள்ளம்.
அங்கே கொன்னை வெள்ளையன்கள்
பந்திக்கு உட்கார்ந்ததுபோல் ஒரே பக்கம் பார்த்து
உறிஞ்சிக்கொண்டிருக்கும்.
நம் நிழல் பட்டால் பந்தி கலைந்துவிடும்.
நிழலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
முழங்காலால் நகர்வேன்.
சுடிதாரில் ஏறிய செம்மண்ணைப் பற்றி
வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை.

எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் எப்போதும் உண்டு.
சொந்தக்காரர் மாதிரி.
அதை நான் எடுப்பதில்லை.

ஊருணியில் தண்ணீர் நாலு படி இறங்கியிருந்தது.
செம்புராங்கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது.
உச்சிவெயிலில் செந்தட்டான்கள்
கோரை நுனியில் தலையைத் தாழ்த்தி
வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கி
நேரே சூரியனைக் காட்டி நின்றன.
வித்தையில்லை அது.
வெயில் படும் உடம்பைக்
கடுகளவாகக் குறைத்துக்கொள்வது.
நானும் மின்கம்பத்து நிழலுக்குள்
பக்கவாட்டில் நின்று பழகியவள்தான்.

ஃபோகஸ் வைப்பதற்குள் பறந்தது.
அதே நுனிக்குத் திரும்பி வந்தது.
மறுபடி பறந்தது.
நாற்பத்து மூன்று படம்.
எல்லாவற்றிலும் கோரை பளிச்சென்று இருந்தது.

“அக்கா, இத எடுங்க. இது ஓடாது.”
பூமிநாதன், ஆறாவது முடித்தவன்.
கையில் சிவப்பு நூல்,
நூலின் அந்த முனையில் ஒரு தட்டான்.
இந்த முனையை ஒரு கல்லுக்கடியில் வைத்தான்.
“பத்து ரூவா.”
நான் பேரம் பேசினேன்.
ஐந்துக்குப் படிந்தது.

அப்படி ஒரு படம் எனக்கு விழுந்ததே இல்லை.
சிறகின் கண்ணி கண்ணியாய்,
காலின் முள் முள்ளாய்,
கண்ணுக்குள் ஊருணி வளைந்து கிடந்தது.
நூல் தெரிந்த ஓரத்தை வெட்டினேன்.
ஆபீஸில் ஏ.இ. தன் செல்லுக்கும் கேட்டு வாங்கினார்.
வாட்ஸப்பில் எழுபது பேர் கைதட்டினார்கள்.
எல்லாத் தட்டானும் வாலைத் தூக்கி நிற்கிற வெயிலில்
இது மட்டும் ஏன் தூக்கவில்லை என்று
ஒருவரும் கேட்கவில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.
படம் எடுத்ததும் “அவுத்து விடுடா” என்றேன்.
அவன் குனிவதற்குள் அது இழுத்தது.
கல்லடியிலிருந்து நூல் உருவிக்கொண்டு வந்தது.
அரை முழச் சிவப்போடு
கருவைக் காட்டுப் பக்கம் போனது.
பூமிநாதன் சிரித்தான்.
நானும், கொஞ்சம்.

அடுத்த ரீடிங் ஆனியில்தான்.
ஆனாலும் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறினேன்.
தட்டானுக்கு ஆயுசு சில வாரம், தெரியும்.
மயில் வசீகரன் காலடியில் சிறகு விரித்தபோதும்
கேமரா கழுத்தில் சும்மா தொங்கியது.
காற்றில் ஒரு சிவப்புக் கோடு தெரிகிறதா,
அவ்வளவுதான் என் தேடல்.
நூல் கனக்குமா என்று
பூமிநாதனிடம் ஒருநாள் கேட்டேன்.
“கல்லையே தூக்கும்க்கா” என்றான்.

ஆனி பிறந்து நாலாம் நாள்,
கருவைமரத்தில் ஆள் உயரத்துக்கு மேல்
ஒரு நூல்.
சிவப்பா என்று சந்தேகப்படும்படி வெளுத்திருந்தது.
கிட்டே போயிருக்கலாம்.
பழக்கதோஷம்,
நிழல் விழாத தூரத்தில் நின்றே எடுத்தேன்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
முள் தெரிகிறது. முறுக்கு தெரிகிறது.
நுனியில் சுருக்கு ஒன்று இருக்கிறது.
அது வெறும் சுருக்கா,
உள்ளே ஏதாவது மிச்சமிருக்கிறதா?
வலது மூலை.
பூஞ்சை அங்கேதான் விழுந்திருக்கிறது.